சௌரிராஜன் சார் திருத்தக் கேட்ட ஒரு வரி

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசல் சுவரில் சைக்கிளைச் சாத்திவிட்டு எங்கள் அலுவலகப் பியூன் படியேறாமல் நின்றார். லீவு நாளில் அவர் பாலக்கரை வரைக்கும் மிதித்துக்கொண்டு வந்தால் அது நல்ல சேதியாக இருக்காது. "சௌரிராஜன் சார் தவறிட்டாரும்மா. விடியக்காலைல. ஸ்ரீரங்கத்துல வீட்லயேதான்" என்றார்.

அழுதேன் என்று எழுதினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முதலில் எனக்கு வந்தது எரிச்சல். ஆறு வருஷமாக அந்த மனிதர் அரசாங்கத்திடம் கேட்டது ஒரு காகிதத்தில் ஒரே ஒரு வரியைத் திருத்தச் சொல்லித்தான். பதவி கேட்கவில்லை, பென்ஷனைக் கூட்டச் சொல்லவில்லை. ஒரு வரி. அது திருந்தாமலே போய்விட்டார். மீன் கையைக் கழுவிவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஏறும்போதும் அந்த எரிச்சல் போகவில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், எண்ணெய்க்காகத் துளை போடும் இடங்களில் அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நம் ஊழியர் சங்கப் பத்திரிகையில் இந்த மாதிரிக் கட்டுரைகள் எப்படி இருக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். போனவர் தங்கமானவர், கடமை தவறாதவர், அவருடைய இடத்தை யாரும் நிரப்ப முடியாது என்று முடிப்போம். அவர் கடமை ஒரு முறை தவறினார். அதை அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நாம்தான் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தெரியாதவர்களுக்கு அவருடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் தரைக்கடியில் எண்ணெய் இருக்கிறது, எரிவாயு இருக்கிறது என்று தேட ஆரம்பித்த காலம் அது. கண்டோன்மென்டில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் எங்கள் சின்ன அலுவலகம். துளை போடுவது கான்ட்ராக்டர்களின் வேலை. அவர்கள் ஒழுங்காகப் போடுகிறார்களா, வாயு சீறிக்கொண்டு வந்தால் அடைக்கக் கருவி இருக்கிறதா, ஆட்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்ப்பது இன்ஸ்பெக்டர் வேலை. அஸ்ஸாம் பக்கத்து எண்ணெய் வயல்களில் பன்னிரண்டு வருஷம் அதைச் செய்துவிட்டு, வயசான தாயாருக்காகச் சொந்த ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தவர் சௌரிராஜன் சார். நான் அங்கே டைப்பிஸ்ட். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் என்னிடம் யாரும் அதிகம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அவர் கொடுப்பார்.

வந்த முதல் வாரமே ஒரு கான்ட்ராக்டரின் ஆள் அலுவலகத்துக்கு வந்து புலம்பினார். இன்ஸ்பெக்டர் ஐயா ஒரு கப் காப்பிகூடக் குடிக்க மாட்டேன் என்கிறார், தகர டப்பாவில் தயிர்சாதம் கொண்டுவந்து ஜீப் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், ஆசாரமோ என்று கேட்டார். அது ஆசாரம் இல்லை. நான் கேட்டதற்கு அவரே சொன்னார், காப்பி குடித்தால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் ஒரு போல்ட்டைத் திருகிப் பார்க்க மறந்துபோகும் என்று. எல்லா போல்ட்டையும் கையால் தொட்டுப் பார்ப்பார். அழுத்தம் காட்டும் கருவியின் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துவிட்டுத்தான் படிப்பார். அஸ்ஸாமில் ஒரு துளை தீப்பிடித்து எரிந்ததைப் பார்த்தவராம். "தரைக்குக் கீழே இருக்கறதுக்கு நம்ம லீவு நாளெல்லாம் தெரியாது" என்பார். அப்போது நான் சிரித்தேன்.

எங்கள் பகுதியில் போட்ட துளை ஒன்றிலும் எண்ணெய் வரவில்லை. டீக்கடைகளில் எல்லாரும் மண்ணெண்ணெய் இனிமேல் தண்ணீர் மாதிரி கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்த நாட்களில், நான் 'பயனில்லை, மூடவும்' என்று ஒவ்வொரு துளைக்கும் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். பயனில்லாத துளையை அப்படியே விட்டுப் போக முடியாது. எண்ணெய் இல்லாவிட்டாலும் மேலாகக் கொஞ்சம் வாயு இருக்கலாம். துளைக்குள் சிமென்ட் ஊற்ற வேண்டும். அது இறுக ஒரு முழு நாள் விட வேண்டும். பிறகு கனமான குழாயை இறக்கி அதன்மேல் நிறுத்திப் பார்க்க வேண்டும். குழாய் நின்றால் அடைப்பு கெட்டி. அமிழ்ந்தால் மறுபடி ஊற்ற வேண்டும். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று இதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தின் கடைசி வரி அச்சிலேயே இருக்கும்: என் முன்னிலையில் சோதிக்கப்பட்டது.

அலுவலகத்தில் இருந்தது ஒரே ஜீப். அது பாதி நாள் பெரிய அதிகாரியின் வீட்டு வாசலில் நிற்கும். அதனால் மற்ற இன்ஸ்பெக்டர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வெற்றுப் படிவங்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு என் மேஜை டிராயரில் வைத்துவிடுவார்கள். கான்ட்ராக்டரின் ஆள் போனில் ஆழம், நேரம், எடை எல்லாம் சொல்வான். நான் அடித்து அனுப்பிவிடுவேன். எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். சௌரிராஜன் சார் மட்டும் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. என் டிராயரைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார். பஸ் பிடித்தாவது, வரப்பில் நடந்தாவது போய் நின்றுவிட்டுத்தான் வருவார்.

அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள், சமயபுரத்துக்கு வடக்கே ஒரு துளையில் சாயங்காலம் நாலு மணிக்குச் சிமென்ட் ஊற்றினார்கள். அதாவது மறுநாள் நாலு மணிக்குத்தான் சோதிக்க முடியும். இரண்டு நாள் தள்ளிவைக்கச் சொல்லி அவர் பெரிய அதிகாரியிடம் மன்றாடினார். கான்ட்ராக்டர் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும், முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய தாயாருக்கு எண்பத்து மூன்று வயசு, நடக்க முடியாது. ஏகாதசியன்று திறக்கும் பரமபத வாசலுக்குள் ஒரு தடவை தன்னைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிப் பிள்ளையிடம் கேட்டிருந்தார். காலையில் தூக்கிக்கொண்டு போனால் அந்தக் கூட்டத்தில் நுழைந்து வெளியே வரவே பொழுது போய்விடும். சௌரிராஜன் சார் ஒரு வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு என் மிஷின் மேல் வைத்தார்.

"என்ன சார், நீங்களுமா?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. "அம்மாவுக்கு இதுதான் கடைசி ஏகாதசி. நாளைக்கு நாலு மணிக்கு மேல போன் வரும். வந்தப்புறம் பூர்த்தி பண்ணுங்கோ. அதுக்கு முன்னாடி வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் உள்ளூர் விடுமுறை மாதிரிதான். அலுவலகத்தில் நான் ஒருத்திதான். போன் வந்தது. படிவத்தை நிரப்பினேன். அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுத இன்னும் கை வரவில்லை, கொஞ்சம் பொறுங்கள்.

அடுத்த நாள் அவர் வந்தபோது முகம் அப்படி மலர்ந்திருந்தது. தாயாரைக் குழந்தை மாதிரித் தோளில் சார்த்திக்கொண்டு வாசலைக் கடந்தாராம். அந்த நெரிசலில் யாரோ ஒருவர் கிழவியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். அம்மா வாய்விட்டுச் சிரித்தாளாம். பங்குனியில் அந்த அம்மாள் போய்விட்டார்.

சித்திரை வந்தது. அந்தத் துளையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெரியண்ணன் என்ற விவசாயியின் கிணறு. கோடையில் தண்ணீர் வற்றியதும் தூர் வாருவது வழக்கம். பழைய கிணற்றில் கெட்ட காற்று தங்கியிருக்கும், மூச்சு முட்டும் என்று இறங்குவதற்கு முன் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது, எரிந்தால் இறங்கலாம். அன்று காலை பெரியண்ணன் சும்மா இறங்கத்தான் போனார். அவர் மனைவி செல்லாயிதான் தடுத்து, லாந்தரைத் திரியேற்றிக் கையில் கொடுத்து, இதை விட்டுப் பார்த்துவிட்டு இறங்கு என்று சொன்னார். துளையில் அடைத்த சிமென்ட் பிடிக்காமல், வாயு மண்ணுக்குள்ளேயே கசிந்து அந்தக் கிணற்றில் வந்து நிறைந்திருந்தது யாருக்கும் தெரியாது. விளக்கு பாதி இறங்கியதும் கிணறே தீயாகக் கிளம்பியது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தார். சௌரிராஜன் சார் சேதி கேட்ட மாத்திரத்தில் அங்கே போனார். நானும் கூடப் போனேன். வார்டுக்கு வெளியே தரையில் செல்லாயி உட்கார்ந்திருந்தார். மாமியார் அந்த நடையிலேயே நின்று, வெளக்கக் குடுத்தே எம்புள்ளையக் கொன்னுட்டா என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். செல்லாயியும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் அவரைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பத்து நாளில் எங்கள் அலுவலகம் அறிக்கை தயாரித்தது. நான்தான் டைப் அடித்தேன். பழைய கிணறுகளில் இயற்கையாகச் சதுப்பு வாயு சேருவது உண்டு. இறந்தவரும் அவர் மனைவியும் திறந்த விளக்கைக் கிணற்றுக்குள் கவனக்குறைவாக இறக்கியதால் விபத்து நேர்ந்தது. அருகில் இருந்த துளை இன்ஸ்பெக்டர் முன்னிலையில் முறையாக அடைக்கப்பட்டுச் சான்றளிக்கப்பட்டது. பூசி மெழுகின அந்த அறிக்கையில் 'இறந்தவரும் அவர் மனைவியும்' என்ற வார்த்தைகளைப் பார்த்ததும் சௌரிராஜன் சார் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார். "கவனமா இருந்தவா அவா ரெண்டு பேரும்தான். அந்த அம்மா சொன்னது சரியான காரியம். நான்தான் இல்லை" என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த வரியைத்தான் அவர் திருத்தச் சொன்னார். செல்லாயியின் விளக்கில் தவறில்லை, தவறு துளையில், அதற்குப் பொறுப்பு நான் என்று அரசாங்கம் எழுதித் தர வேண்டும். அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் ஊரார் முன்னால், மாமியார் முன்னால் படித்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

மறுநாள் அவர் அந்தத் துளை இருந்த இடத்துக்குப் போனார். பக்கத்து வயல்காரரிடம் விசாரித்தார். ஏகாதசியன்று மதியம் பன்னிரண்டுக்கெல்லாம் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்ததும் அந்தச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி வெகுநேரம் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை என் மேஜைக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் மனுவைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டேன், சோதனையின்போது நான் அங்கே இல்லை என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், அதே குரலில் அடுத்த வரியைச் சொன்னார்: "சோதனை நேரம் மாலை நான்கு மணி என்று குறிப்பிடப்பட்டிருப்பது உண்மையல்ல. அது என்னால் இட்டுக்கட்டப்பட்டது."

என் கை நின்றது. இப்போது சொல்லிவிடுகிறேன். ஏகாதசியன்று போன் வந்தது காலை பதினொரு மணிக்கு. கான்ட்ராக்டரின் ஆள் எடை, ஆழம் எல்லாம் சொன்னான். குழாய் கெட்டியாக நிற்கிறது என்றான். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டேன், இப்போதுதான் என்றான். நாலு மணிக்கு முன்னால் பார்க்கக் கூடாதே என்றேன். அப்படியானால் நாலு என்றே போட்டுக்கொள்ளுங்கள் என்றான். ஈரச் சிமென்டில் அவன் குழாயை இறக்கினானோ, இறக்கவே இல்லையோ, ஆண்டவருக்கு வெளிச்சம். அத்தனை வருஷம் அதே படிவத்தை அடித்த எனக்கு விதி தெரியாதா? தெரியும். ஆனால் நான்கு மணி வரைக்கும் அந்த வெறும் கட்டடத்தில் தனியாக உட்கார்ந்திருக்க எனக்குச் சலிப்பாக இருந்தது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை, சலிப்புத்தான். நாலு என்று அடித்துத் தபாலில் சேர்த்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன்.

"சார், அந்த நாலு மணி..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் படிவத்துல கையெழுத்து யாருது?"

"உங்களுது."

"அப்ப நேரமும் என்னுது. அடியுங்கோ" என்றார்.

அடித்தேன். அதற்குப் பிறகு ஐந்து மனுக்கள், வருஷத்துக்கு ஒன்றாக. ஒவ்வொன்றிலும் அந்த வரி வந்தது, ஒவ்வொன்றிலும் நான் ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தேன். எனக்கு வாய் நீளம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வாய் ஆறு வருஷம் எங்கே போயிற்று? அப்பா படுத்த படுக்கை, வேலையை விட்டால் சோற்றுக்கு வழியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவர் அதை என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார் என்பதுதான் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

பெரிய அதிகாரி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் கோபப்பட்டு, சௌரிராஜன் சாரை வேலையை விட்டு நீக்கியிருப்பார். அந்த உத்தரவிலாவது உண்மை ஏறியிருக்கும். இவர் அன்பாகப் பேசினார். ஒரு துளையில் தவறு என்று ஒப்புக்கொண்டால் மூடின துளைகளையெல்லாம் திறந்து பார்க்கச் சொல்வார்கள், உங்கள் சர்வீஸ் முடிய மூன்று வருஷம்தான் இருக்கிறது, தாயார் போன துக்கத்தில் பேசுகிறீர்கள், ஒரு மாதம் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று தோளைத் தட்டினார். மனு மேலே போனது. 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று திரும்பி வந்தது. ஆறு தடவையும் அதே பதில்.

அதற்குப் பின் வந்த ஏகாதசிகளில் ஸ்ரீரங்கம் முழுக்கக் கோயிலில் இருக்கும், சௌரிராஜன் சார் அலுவலகத்தில் இருப்பார். நாலு மணி வரைக்கும் ஒன்றும் படிக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். கோயில் குடும்பத்தில் பிறந்தவர் இப்படிச் செய்வது அவருடைய அண்ணனுக்குப் பெரிய மனக்கஷ்டம். ஒரு ஏகாதசியில் நானும் வேண்டுமென்றே வந்து எதிரே உட்கார்ந்தேன். அன்று அவரே பேச்சை எடுத்தார். "அம்மா அன்னிக்கு சிரிச்சா பாருங்கோ, அதை நினைச்சா இன்னும் எனக்கு சந்தோஷமா இருக்கு. வருத்தப்பட வேண்டிய இடத்துல சந்தோஷம் வரது. அதுதான் பயமா இருக்கு" என்றார்.

செல்லாயியைப் புகுந்த வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. சமயபுரத்தில் கோயிலுக்குப் போகிற வழியில், பக்தர்கள் அம்மனுக்குப் போடுகிற உப்பையும் மிளகையும் பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருக்கிறார். சௌரிராஜன் சார் மாதம் ஒரு தடவையாவது அங்கே போவார். அந்த வழியாக வந்த பியூன்தான் எனக்குச் சொன்னார்: அவர் கடை ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, குழாய், சிமென்ட், வாயு என்று ஒன்றுவிடாமல் விளக்கிச் சொல்கிறாராம், அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே பொட்டலம் மடிக்கிறாராம். கடைசியில் ஒவ்வொரு தடவையும் செல்லாயி ஒன்றே ஒன்றுதான் கேட்பாராம், காயிதம் வந்துச்சா சாமி என்று.

சௌரிராஜன் சார் ஓய்வு பெற்ற வருஷம் நான் மாதா கோயிலில் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் கேட்டுவிட்டு ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மண்டியிட்டு எழுந்தபோது மனசு லேசாக இருந்தது. அந்த லேசையும் சேர்த்து நான் வெறுத்தேன். அங்கே ஒரு மனிதர் செய்யாத பாவத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, யாராவது இதை வாங்கிக்கொள்ளுங்களேன் என்று வருஷக்கணக்காகக் கதவு கதவாகத் தட்டுகிறார், வாங்கிக்கொள்ள ஆளில்லை.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது இறப்பதற்கு இரண்டு வாரம் முன்னால். வடக்கு உத்தர வீதியில் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் படுத்திருந்தார். மூச்சு வாங்கியது. என்னைக் கண்டதும், இன்னொரு தடவை அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். இந்தத் தடவை நான் என் பெயரைப் போட்டு அடிக்கிறேன் சார் என்று சொல்லிவிட்டேன். வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு போய்ச் சொன்னது அது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, "உங்களுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு. வேண்டாம்" என்றார். வேண்டாம் என்று சொன்னாரே என்று ஒரு நொடி எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

அவர் போன அன்று அந்த வீட்டு வாசலில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நின்றேன். அண்ணன் வெளியே வந்து, "தம்பி ஆசார்யன் திருவடி சேர்ந்துட்டான்" என்று சொல்லி ஒரு துணிப்பையைக் கையில் கொடுத்தார். ஆறு மனுக்களின் நகல்கள். "இதையெல்லாம் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை. நீங்கதானே டைப் பண்ணினேள்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அடி வாங்கின மாதிரி இருந்தது.

அந்த வாரமே ஏழாவது மனுவை அடித்தேன். பதினொரு மணிக்கு வந்த போன், நாலு என்று நான் போட்டது, சௌரிராஜன் சார் என்னிடம் சொல்லிவிட்டுப் போன கட்டளை எல்லாவற்றையும் எழுதி, என் பெயரைப் போட்டு, அடியில் கையெழுத்திட்டுப் பெரிய அதிகாரி மேஜையில் வைத்தேன். இப்போது இருப்பவர் புதியவர். படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மனுதாரர் காலமாகிவிட்டதால் அந்தக் கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது, முடித்த கோப்பில் புதிதாகக் காகிதம் சேர்க்க விதியில்லை என்றார். இது வேறு ஆளின் மனு என்றேன். இந்த விஷயத்தில் வேறு ஆள் என்று ஒருவர் கோப்பில் இல்லையே அம்மா என்றார். காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார். வேலை போகும் என்று ஆறு வருஷம் நடுங்கினேனே, ஒரு மெமோகூடக் கொடுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சமயபுரம் போனேன். கூட்டம் கொஞ்சம் குறையட்டும் என்று காத்திருந்து செல்லாயியின் கடைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சாமி தவறிப்போனதைச் சொன்னேன். கையில் இருந்த பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சிமென்ட் இறுக ஒரு நாள் வேண்டும், அது இறுகவில்லை, இறுகியது என்று பொய் நேரம் போட்டு அடித்தவள் நான், சாமி இல்லை, உங்கள் விளக்கு சரியான விளக்கு என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டமாட்டாரா என்று ஏங்கினேன் என்றே சொல்லலாம்.

"சாமி தான்தான்னு சொன்னாரு. நீங்க நாந்தாங்குறீங்க" என்றார். அடுத்த பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "சர்க்கார் காயிதத்துல வந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"வரல."

"இனிமே வருமா?"

"வராதும்மா."

"அப்ப நாந்தாம்மா வெளக்கக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற ஒரு பெண்ணுக்கு உப்புப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட கட்டுரையின் முடிவில், போனவரிடமிருந்து நான் பெற்றது இன்னது என்று சொல்ல வேண்டுமாம். அவருடைய நேர்மை என்னிடம் வரவில்லை. வந்திருந்தால் ஆறு வருஷம் ஆகியிருக்காது. அவர் என்னிடமிருந்து எடுத்துத் தன் பெயரில் வைத்துக்கொண்ட ஒன்று இருக்கிறது. அதைத்தான் நான் திருப்பி எடுத்துக்கொண்டேன். பதினொரு மணியை நாலு என்று அடித்தவள் நான். கோப்பில் அதற்கு இடமில்லை. செல்லாயியும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அது என்னிடம்தான் இருக்கிறது.